இசைத்தட்டின் வெற்று வளையத்தில் எழுதியிருப்பதைப் படிக்கும் முறை

இசைத்தட்டு ஒன்றை விளிம்பில் பிடித்து வெளிச்சத்தில் சற்றே சாய்த்துப் பாருங்கள். பாட்டு முடியும் இடத்துக்கும் நடுவில் ஒட்டிய காகித லேபிளுக்கும் இடையே, விரலகலத்துக்கு ஒரு வெற்று வளையம் பளபளக்கும். முள்ளை லேபிள் அருகே கொண்டுபோய் விடும் ஒற்றை வரி (முள் ஓடும் நுண்பள்ளம்) மட்டும் அதில் அகன்ற சுற்றாக ஓடும். அந்தச் சுற்றுகளின் நடுவில்தான் எழுத்து இருக்கும்: ஓர் எண், இரண்டு தலைப்பெழுத்து, ஒரு முக்கோணம், சில தட்டுகளில் ஒரு முழு வாக்கியம். சேகரிப்பவர்கள் இந்த இடத்தை 'டெட் வேக்ஸ்' என்பார்கள். வெற்று வளையம் என்பதே எனக்கு வசதியாக இருப்பதால் கட்டுரை முழுவதும் அப்படியே எழுதுகிறேன்.

மதுரைப் பக்கம் எனக்குக் கிடைத்த தட்டுகளில் பாதிக்கு மேல் எந்த வீட்டு அலமாரியிலிருந்தும் வந்தவை அல்ல. முளைப்பாரிக்கும் காதுகுத்துக்கும் குழாய் கட்டிப் பாட்டுப் போட்ட மைக் செட்டுக்காரர்களின் தகரப் பெட்டியிலிருந்து வந்தவை. அவற்றின் வெற்று வளையத்தில் ஒருவர் எழுத்து மட்டும் இருப்பதில்லை. பாட்டை வெட்டிய பொறியாளர் எழுதியது இருக்கும், தொழிற்சாலைக்காரர் குத்தியது இருக்கும், தட்டை வாங்கியவர் கீறியதும் இருக்கும். ஆகவே எழுத்தைக் கண்டுபிடிப்பது வேலையின் முதற்பாதிதான். அது எந்தக் கட்டத்தில், எவர் கையால் அங்கே வந்தது என்று பிரித்தறிவதே மறுபாதி. இரண்டுக்கும் தட்டைத் தவிர வேறு சாட்சி பெரும்பாலும் தேவைப்படாது.

வெளிச்சமும் கண்ணாடியும்

செலவு அதிகமில்லை. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சிறு லென்ஸ் ஒன்று வேண்டும். நகைக்கடையில் கல் பார்க்கவும் கைக்கடிகாரம் பழுது பார்க்கவும் பயன்படுத்தும் அதே லென்ஸ்தான். தெற்கு ஆவணி மூல வீதியில் பொற்கொல்லர்களுக்குக் கருவி விற்கும் கடையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். ஒரு சிறிய டார்ச் விளக்கு, கருப்பு நிறத் துணி, பென்சில், தாள் ஆகியவை போதும். கைப்பேசிக் கேமரா இருந்தால் நல்லது. ஆனால் அதன் ஃபிளாஷை அணைத்துவிட வேண்டும். நேர் எதிரிலிருந்து பாயும் வெளிச்சத்தில் கருப்பு வினைல் கண்ணாடிபோல் மின்னி எழுத்தை விழுங்கிவிடும்.

வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து, தட்டின் பரப்பை உரசிக்கொண்டு வருவதைப்போலத் தாழ்ந்து வர வேண்டும். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் தமிழி எழுத்துப் பார்க்கப் போனவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. மாங்குளத்தில் உச்சி வெயிலில் வெறும் பாறையாகத் தெரிகிற இடம், வெயில் சாயும் நேரத்தில் வரி வரியாக எழுந்து நிற்கும். தட்டுக்கும் அதே விதி. அறையை இருட்டாக்கி, தட்டை மேசையில் துணிமேல் கிடத்தி, டார்ச்சை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பிடித்து, தட்டை மட்டும் மெல்லச் சுழற்றுங்கள். டார்ச்சைச் சுற்றிக்கொண்டு போவதைவிட இது எளிது. நிழல் விழும் திசை மாறாததால் கண்ணும் குழம்பாது. சன்னல் வெளிச்சத்தில் பார்ப்பதானால் காலையில் பாருங்கள், பார்த்து முடித்ததும் தட்டை உடனே உறைக்குள் வையுங்கள். நம் ஊர்க் கத்திரி வெயிலில் சன்னல் திண்டில் மறந்து வைத்த தட்டு அப்பளம்போல் நெளிந்துவிடும். அதன்பின் எழுத்தைப் படிக்கலாம், பாட்டைக் கேட்க முடியாது.

அழுக்கை எடுப்பது

நாற்பது ஐம்பது வருடத் தூசியும் கைவியர்வையும் வெற்று வளையத்தில்தான் அதிகம் சேரும். தட்டை எடுப்பவர் லேபிளில் பெருவிரலை ஊன்றும்போது விரல் நுனி அங்கேதான் படும். வினைல் தட்டானால், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் திரவ சோப்பை ஒரே ஒரு சொட்டு கலந்து, மென்மையான துணியை நனைத்துப் பிழிந்து, வரியின் போக்கிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும். பிறகு சோப்புக் கலக்காத அதே நீரால் இன்னொரு முறை துடைக்க வேண்டும். போர் தண்ணீர் வேண்டாம். அதில் உள்ள உப்பு காய்ந்ததும் வெண்புள்ளியாக வரிக்குள் உட்கார்ந்துகொள்ளும். லேபிளில் ஈரம் படக்கூடாது. 78 வேகத்தில் சுற்றும் பழைய அரக்குத் தட்டானால் ஸ்பிரிட்டோ சானிடைசரோ அருகிலேயே வரக்கூடாது. சாராயம் அரக்கைக் கரைக்கும், ஒரே துடைப்பில் எழுத்தும் வரியும் சேர்ந்து போய்விடும்.

எழுத்தைத் தெளிவாக்குவதற்காக அதில் எதையும் நிரப்பாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தொடக்கத்தில், கல்வெட்டில் சுண்ணப்பொடி பூசிப் படமெடுத்ததை எங்கேயோ பார்த்துவிட்டு, பூசை அலமாரியிலிருந்த விபூதியை எடுத்து ஒரு தட்டின் வளையத்தில் தேய்த்தேன். எழுத்து அற்புதமாக வெளுத்துத் தெரிந்தது. விபூதி அங்கே நிற்காமல் கடைசிப் பாட்டின் வரிக்குள்ளும் இறங்கியது. எத்தனை முறை கழுவியும் அந்தப் பாட்டின் முடிவில் இன்றும் மணலில் நடப்பதுபோல ஒரு ஓசை கேட்கிறது. கல்வெட்டுக்கும் அந்தப் பழக்கம் கெடுதல்தான் என்று பின்னர் அறிந்தேன். தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுப்பதும் இதே வகைத் தவறு. கல்லுக்கு அது பொருந்தும். தட்டில் பென்சில் துகள் வரியைத் தேடிப் போய்விடும்.

எழுத்து எந்தக் கட்டத்தில் வந்தது

இதைப் புரிந்துகொள்ள, தட்டு எப்படிப் பிறக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். அலுமினியத் தகட்டின்மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசிய லேக்கர் தட்டு ஒன்றைச் சுழலவிட்டு, வெட்டும் எந்திரம் பாட்டை அதில் வரியாக வெட்டுகிறது. வெட்டி முடிந்த கையோடு பொறியாளர் எழுத்தாணி போன்ற கூர்முனையால் வெற்று வளையத்தில் எண்ணை எழுதுகிறார். மனம் இருந்தால் வேறு எதையாவதும் எழுதுகிறார். அந்த லேக்கரின்மேல் வெள்ளியை மெல்லியதாகப் படியவைத்து, மின்முலாம் முறையில் நிக்கலைக் கனமாக ஏற்றிப் பிரித்தெடுத்தால் தந்தைத் தகடு கிடைக்கும். அதில் பள்ளம் மேடாகவும் இடது வலதாகவும் மாறியிருக்கும். தந்தைத் தகட்டிலிருந்து அதே முறையில் எடுப்பது தாய்த் தகடு. அதில் எல்லாம் மறுபடி நேராகி, பள்ளம் பள்ளமாகவே இருக்கும். தாயிலிருந்து எடுப்பது ஸ்டாம்பர் என்னும் அச்சு. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஸ்டாம்பர்களுக்கு நடுவே சூடான வினைலை வைத்து அழுத்தினால் நம் கைக்கு வரும் தட்டு.

எனவே தட்டில் எழுத்து குழிந்தும் நேராகவும் இருந்தால், அது லேக்கரிலோ தாய்த் தகட்டிலோ எழுதப்பட்டது. எழுத்து புடைத்து நின்றால், அது தந்தைத் தகட்டிலோ ஸ்டாம்பரிலோ கீறப்பட்டது. உலோகத்தில் பள்ளமானது வினைலில் மேடாகிறது. புடைத்த எழுத்து நேராகப் படிக்க முடிந்தால், எழுதியவர் உலோகத்தில் கண்ணாடி எழுத்தாக, இடவலம் மாற்றி எழுதியிருக்கிறார் என்று பொருள். அவர் மறந்து நேராக எழுதிவிட்டாலோ தட்டில் அது கண்ணாடிப் பிம்பமாகத் தெரியும். அப்போது படமெடுத்துக் கைப்பேசியில் இடவலமாகத் திருப்பிப் பார்த்தால் போதும்.

குழிவா புடைப்பா என்று தீர்மானிப்பதில் கண் எளிதில் ஏமாறும். ஒரே படத்தை ஒருவர் பள்ளம் என்பார், இன்னொருவர் மேடு என்பார். இதற்கு விரலால் தடவிப் பார்க்க வேண்டியதில்லை. பக்கத்திலேயே ஓடும் அந்த ஒற்றை வரி நிச்சயமாகப் பள்ளம் அல்லவா? டார்ச் இடப்பக்கம் இருக்கும்போது அந்த வரியில் நிழல் எந்த ஓரத்தில் விழுகிறது, மினுக்கம் எந்த ஓரத்தில் இருக்கிறது என்று லென்ஸில் பாருங்கள். எழுத்தின் கோட்டிலும் அதே பக்கம் நிழல் விழுந்தால் அது குழிவு, மாறி விழுந்தால் புடைப்பு. இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்து, அழுத்துவதற்கு முன் வந்த எழுத்தையும் பின் வந்த கீறலையும் பிரிப்பது. மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டரில் உள்ள கீழடி அருங்காட்சியகத்தில் கீறல் குறியீடுகளும் 'ஆதன்' போன்ற பெயர்களும் உள்ள பானை ஓடுகளைப் பார்த்திருப்பீர்கள். தொல்லியலார் அவற்றில் முதலில் கேட்பது, கீறியது சுடுவதற்கு முன்பா பின்பா என்பதுதான். ஈர மண்ணில் கீறினால் கோட்டின் ஓரம் வழுவழுப்பாக ஒதுங்கும். சுட்ட பானையில் கீறினால் ஓரம் பொடிந்து மெல்லியதாகச் சிராய்க்கும். தட்டிலும் ஏறத்தாழ இதே வேறுபாடுதான். அச்சோடு வந்த எழுத்துக்குள் சுற்றியுள்ள பரப்பின் பளபளப்பே இருக்கும். அழுத்திய பின் கீறியதன் ஓரத்தில் பிசிறு தலைதூக்கி நிற்கும், அடி வெளிறியிருக்கும், அதில் தூசி ஒட்டும். அச்சோடு வந்த எழுத்து பெரும்பாலும் முள் ஓடும் வரிக்கு வழிவிட்டே நிற்கும். வாங்கியவர் கீறியது வரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். அந்த இடத்தை முள் கடக்கும்போது சுற்றுக்கு ஒரு முறை 'டிக்' என்று கேட்பதே போதிய சான்று. ஐயம் நீங்காவிட்டால் அதே தட்டின் இன்னொரு பிரதியைத் தேடிப் பாருங்கள். அச்சில் வந்தது எல்லாப் பிரதியிலும் இருக்கும்.

மேலூர்ப் பக்கத்து மைக் செட்டுக்காரர் ஒருவரிடமிருந்து எட்டுத் தட்டுகள் வாங்கினேன். எட்டிலும் வளையத்தில் 'பா.செ.' என்று சாக்கு ஊசியால் கீறப்பட்டிருந்தது. ஒன்றில் மட்டும் அடியில் ஒரு குறுக்குக் கோடு கூடுதலாக இருந்தது. "என்னண்ணே, லேபிளில் பேனாவால் எழுதியிருக்கலாமே?" என்று கேட்டேன். "லேபிளை மாத்தி ஒட்டிருவாங்கெ தம்பி. ஒரு கல்யாணத்துக்கு நாலு செட்டு வரும், காலையில பெட்டி கட்டும்போது தட்டுப் பூராம் கலந்து கிடக்கும். இதைக் கீறிவச்சா எவனும் தன்னுதுன்னு சொல்ல முடியாது" என்றார். குறுக்குக் கோடு என்னவென்று கேட்டதற்குச் சிரித்தார். அது வேறொருவருடைய தட்டு, கடனுக்கு ஈடாக வந்ததாம். அவருடைய எழுத்தை அடித்துவிட்டுத் தன் எழுத்தைப் போட்டிருக்கிறார். லென்ஸில் பார்த்தால் கோட்டுக்கு அடியில் 'மு' என்ற எழுத்து இன்னும் தெரிகிறது. விலைக்கு விற்கும்போது இத்தகைய கீறலைக் குறை என்று கழிப்பார்கள். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை.

எண்ணையும் குறியையும் படிப்பது

பெரும்பாலான தட்டுகளில், குறிப்பாகக் கல்கத்தாவின் டம்டமில் அச்சாகி வந்த தமிழ்ப் படப்பாடல் தட்டுகளில், நான் பார்த்தவரை வெற்று வளையத்தில் வேடிக்கை வாசகம் ஏதும் இருப்பதில்லை, மேட்ரிக்ஸ் எண் மட்டுமே இருக்கும். அதற்காக ஏமாற்றம் அடைய வேண்டாம். மேட்ரிக்ஸ் எண் என்பது அந்தப் பக்கத்துக்கான ஒலிப்பதிவின் அடையாளம். அதன் கடைசியில் சிறு கோட்டுக்குப் பின் வரும் இலக்கம், எத்தனையாவது முறை வெட்டிய லேக்கர் என்பதைப் பொதுவாகக் குறிக்கும். 1 என்றால் முதல் வெட்டு. முதல் லேக்கர் கெட்டுப்போயிருந்தால் 2 என்று முடியும் தட்டே முதலில் கடைக்கு வந்ததாகவும் இருக்கலாம் என்பதை மறக்கக்கூடாது. எண்ணை அடித்துவிட்டு வேறு எண் எழுதியிருந்தால் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த லேக்கரோ தகடோ வேறொரு வெளியீட்டுக்காகத் தயாராகிப் பின் இடம் மாறியிருக்கும்.

எழுத்தின் தலை லேபிளை நோக்கியும் இருக்கலாம், விளிம்பை நோக்கியும் இருக்கலாம் என்பதால் 6, 9 ஆகிவிடும். ஆங்கிலத்தின் எம், டபிள்யூ ஆகிவிடும். முதலில் 2, 4, 7 போன்ற தலைகீழானால் உருக்குலையும் இலக்கம் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன்படி தட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள். பல தட்டுகளில் மேட்ரிக்ஸ் எண் லேபிளிலும் சிறியதாக அச்சாகியிருக்கும். ஒப்பிட்டுப் பார்க்கலாம். லேபிளில் பெரியதாக இருக்கும் பட்டியல் எண் வேறு, இது வேறு. எச்.எம்.வி. ஸ்டீரியோ எல்பிக்களில் ஈ.சி.எஸ்.டி. என்று தொடங்குவது பட்டியல் எண்.

இங்கிலாந்தின் இ.எம்.ஐ. இசைத்தட்டு நிறுவனத்தின் தட்டுகளில் ஒரு நேர்த்தியான சங்கேதம் உண்டு. மேட்ரிக்ஸ் எண்ணைக் கடிகாரத்தின் 6 மணி இடமாக வைத்துக்கொண்டால், 9 மணித் திசையில் தாய்த் தகட்டின் எண்ணும், 3 மணித் திசையில் ஸ்டாம்பரின் எண்ணும் இருக்கும். ஸ்டாம்பர் எண் இலக்கமாக இல்லாமல் எழுத்தாக இருக்கும். கிராமபோன் லிமிடெட் என்ற பெயரிலிருந்து எடுத்த பத்து எழுத்துகளுக்கு வரிசையாக மதிப்புக் கொடுத்தார்கள்: ஜி 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5, பி 6, எச் 7, எல் 8, டீ 9, டி 0. தேநீரின் டீ 9, டெல்லியின் டி 0 என்று வைத்துக்கொண்டால் மாறாது. ஆர்.ஓ. என்று இருந்தால் 25ஆவது ஸ்டாம்பர். தாய் 1, ஸ்டாம்பர் ஜி என்றிருக்கும் தட்டுக்குச் சேகரிப்பவர்கள் விலையை ஏற்றிச் சொல்வது இதனால்தான். லண்டனிலிருந்து அனுப்பிய உலோகத் தகடுகளைக் கொண்டு டம்டமில் அழுத்திய ஆங்கிலத் தட்டுகளும் உண்டு. அவற்றில் லேபிளில் இந்தியா என்று இருந்தாலும் வளையத்தில் லண்டன் கையெழுத்தைப் பார்க்கலாம். ஆனால் இந்தச் சங்கேதத்தை இந்தியத் தட்டு எல்லாவற்றுக்கும் அப்படியே பொருத்திவிடாதீர்கள்.

ஒருமுறை 'முதல் அச்சு' என்று சத்தியம் செய்து ஒருவர் விற்ற பீட்டில்ஸ் தட்டை, கடையில் வெளிச்சம் போதாததால் பாராமலேயே வாங்கி வந்துவிட்டேன். வீட்டில் டார்ச் அடித்ததும் ஸ்டாம்பர் எண் இருக்கும் இடத்தில் இரண்டு எழுத்துகள் பல்லைக் காட்டின. அன்றிலிருந்து காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் பழம்பொருள் பார்க்கப் போனாலும் டார்ச்சும் லென்ஸும் சட்டைப் பையில் இருக்கும்.

ஆட்களின் பெயர்களையும் அறிந்து வைத்திருப்பது நல்லது. லிவர்பூல்காரரான ஜார்ஜ் பெக்கம் என்ற வெட்டும் பொறியாளர், பீட்டில்ஸின் ஆப்பிள் ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர், தான் வெட்டிய தட்டுகளில் 'எ போர்க்கி பிரைம் கட்' என்று எழுதுவார். போர்க்கி அவருடைய பட்டப்பெயர். வாசகம் கறிக்கடைப் பலகையைக் கிண்டல் செய்வது. சில தட்டில் 'பெக்கோ' என்றும் இருக்கும். ஆர்.எல். என்ற இரண்டு எழுத்து அமெரிக்கப் பொறியாளர் பாப் லட்விக்கைக் குறிக்கும். லெட் செப்பெலின் குழுவின் 1969ஆம் ஆண்டு இரண்டாம் ஆல்பத்தை அவர் மிகுந்த கனத்தோடு வெட்டினார். விரைவிலேயே அதை மாற்றி வேறொரு வெட்டைப் பயன்படுத்தியதால், அந்த இரண்டு எழுத்துள்ள பிரதியை இன்றும் தேடுகிறார்கள். ஜாஸ் தட்டுகளில் ஆர்.வி.ஜி. என்றோ வான் கெல்டர் என்றோ இருந்தால் வெட்டியவர் ரூடி வான் கெல்டர் என்ற பொறியாளர். புளூ நோட் நிறுவனத்தின் 1966 வரையிலான தட்டுகளில் காதுபோல ஒரு சுழி இருந்தால், அது பிளாஸ்டிலைட் தொழிற்சாலை போட்ட சாய்வெழுத்துப் பி.

வாசகங்கள்

முழு வாசகமாக எழுதியவற்றில் பேர்போனது லெட் செப்பெலினின் 1970ஆம் ஆண்டு மூன்றாம் ஆல்பம். குழுவின் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜின் விருப்பப்படி, அலெஸ்டர் குரோலி என்ற மறைஞானியோடு தொடர்புடைய வாசகங்களை ஒலிப்பொறியாளர் டெர்ரி மேனிங் லேக்கரில் எழுதினார். 'உன் மனம் நாடுவதைச் செய்' என்பது அதில் ஒன்றின் பொருள். முதல் அச்சுகளில் மட்டுமே இது இருப்பதால், கடையில் லேபிளைப் பார்க்கும் முன் வளையத்தைப் பார்ப்பார்கள். இத்தகைய தட்டுகளில் ஒரு பக்கத்தோடு நிறுத்திவிடக்கூடாது. கேள்வி ஒரு பக்கத்திலும் விடை மறுபக்கத்திலுமாகவோ, ஒரே வாக்கியம் இரண்டாக உடைந்தோ இருக்கும். இரட்டை ஆல்பமானால் நான்கு பக்கங்களையும் வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் பொருள் வரும்.

மனிதர் எழுதிய வெற்று வளையங்களில் மிகத் தொலைவில் இருப்பது 1977இல் வாயேஜர் விண்கலங்களோடு போன தங்கத்தட்டுதான். தங்க முலாம் பூசிய அந்தத் தாமிரத் தட்டில், 'எல்லா உலகங்களிலும் எல்லாக் காலங்களிலும் இசை படைப்போருக்கு' என்று அதைத் தயாரித்த டிமத்தி ஃபெரிஸ் கையால் எழுதினார். வரைபடத்தில் இல்லாத எழுத்து இருக்கிறது என்று நாசாவின் சோதனையில் தட்டு நிராகரிக்கப்பட, தட்டுக்கான குழுவின் தலைவரான வானியலாளர் கார்ல் சாகன் பேசி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அந்தத் தட்டில் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பைரவி இருக்கிறது. 55 மொழிகளில் வணக்கமும் இருக்கிறது. கன்னடமும் தெலுங்கும் சிங்களமும் உண்டு, தமிழ் இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சற்று வருத்தம்தான்.

எழுத்தாக இல்லாமல் ஒலியாக மறைத்து வைத்ததும் உண்டு. லேபிளை ஒட்டிய கடைசி வட்டம் தன்னைத்தானே சந்திக்கும் மூடிய வரி. முள் அங்கே சுற்றிக்கொண்டே இருக்கும். பீட்டில்ஸ் 1967இல் சார்ஜென்ட் பெப்பர் ஆல்பத்தின் பிரிட்டிஷ் அச்சில் அந்த வட்டத்துக்குள் பொருளற்ற பேச்சைப் பதித்து வைத்தார்கள். முள் பொருத்திய கையைத் தானே தூக்கிவிடும் ஆட்டோமேட்டிக் பிளேயரில் இது அகப்படாது. கையால் இயக்கும் பிளேயரில் போட்டு, முள்ளைத் தூக்காமல் சற்றுப் பொறுத்திருக்க வேண்டும்.

78 தட்டுகள்

அரக்குத் தட்டுகளில் வளையம் குறுகலாக இருக்கும், சிலவற்றில் லேபிள் வரைக்கும் பாட்டு ஓடும். எண் மெழுகுத் தட்டிலேயே எழுதப்பட்டு அச்சுக்கு வந்தது. கிராமபோன் கம்பெனி 1908இல் கல்கத்தாவின் சியால்தாவில் தொழிற்சாலை தொடங்கும்வரை, இங்கே பதிவு செய்த மெழுகு கடல் கடந்து ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய்த் தட்டாகித் திரும்பி வந்தது. அங்குள்ளவர்களுக்குப் பாடியவர் யார் என்று தெரிய வேண்டும் என்பதற்காகவே, 1902இல் பதிவு செய்த கௌஹர் ஜான் பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். மதுரையில் 1916இல் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி 1926இல், பத்து வயதில், முதல் தட்டுக்குப் பாடிய காலத்தில் அந்தத் தேவை போய்விட்டது. பழைய 78 தட்டைக் கேட்கும்போது கடைசி விநாடி வரை விடுங்கள். படிக்கும்போது வினைலைவிட வெளிச்சத்தை இன்னும் தாழ்த்துங்கள். பரப்பு தேய்ந்து மங்கியிருக்கும். தட்டை எப்போதும் மேசையில் கிடத்தியே பாருங்கள். கைதவறினால் ஓடு உடைவதைப்போல உடையும்.

உங்கள் தட்டில் எழுதவைக்க

இப்போது சிறு இசைக்குழுக்களும் சொந்தமாக வினைல் அடித்து வாங்குகிறார்கள். வெட்டும் பொறியாளரிடம் முன்கூட்டிச் சொன்னால் உங்கள் வாசகத்தை அவர் லேக்கரில் எழுதிவிடுவார். லேக்கர் இல்லாமல் தாமிரத்திலேயே வெட்டும் டி.எம்.எம். முறையிலும் எழுதலாம். பக்கத்துக்கு எதுவென்று தனித்தனியே தெளிவாக எழுதிக் கொடுங்கள். நான்கைந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். தொழிற்சாலையின் எண்ணுக்கு இடம் விட வேண்டும், வரியையும் தொடக்கூடாது. தமிழில் வேண்டுமானால், அவர் தமிழ் அறியாதவராக இருப்பார் என்று எண்ணி, பெரிய எழுத்தில் கையால் வரைந்த படமாக அனுப்புங்கள். மெய்யெழுத்தின் புள்ளியை வட்டமிட்டுக் காட்டுங்கள். இல்லாவிட்டால் அதைத் தூசி என்று விட்டுவிடுவார். சோதனைத் தட்டு வந்ததும் பாட்டைக் கேட்பதற்கு முன் டார்ச்சை எடுத்து எழுத்தைப் பாருங்கள். லேக்கரில் பிழை வந்திருந்தால் புதிதாக வெட்டுவதுதான் வழி.

பார்த்ததைக் குறித்து வைப்பது

வளையத்தை நான்கு காற்பகுதியாகப் படமெடுத்து, கண்ணால் கண்டதைக் கண்டபடியே தாளில் எழுதி, உறைக்குள் வையுங்கள். எழுத்து, இடைவெளி, அடித்தல், குறி எதையும் திருத்தி எழுத வேண்டாம். கையெழுத்தா எந்திரக் குத்தா, குழிவா புடைப்பா, அச்சோடு வந்ததா பின்னர் கீறியதா என்பதை ஒவ்வொன்றுக்கும் எதிரே குறியுங்கள். திசையை லேபிளை வைத்துச் சொல்லாதீர்கள். அழுத்தும்போது லேபிள் ஒவ்வொரு பிரதியிலும் வேறு கோணத்தில் உட்காரும் என்பதால், மேட்ரிக்ஸ் எண்ணையே 6 மணியாகக் கொள்ளுங்கள்.

மேலூரில் வாங்கிய அந்தத் தட்டின் உறைக்குள் இருக்கும் என் சீட்டு இப்படி இருக்கிறது: "முதல் பக்கம். 6 மணி: மேட்ரிக்ஸ் எண், எந்திரக் குத்து, குழிவு, லேபிளில் உள்ளதோடு ஒத்துப்போகிறது. 10 மணி: பா.செ., கீறல், பிசிறு உண்டு, வரியை இரண்டு இடத்தில் வெட்டுகிறது. அதன் அடியில் குறுக்குக் கோடு. கோட்டுக்குக் கீழே மு, அதற்குப் பின் ஓர் எழுத்து, படிக்க முடியவில்லை. இரண்டாம் பக்கம். மேட்ரிக்ஸ் எண் மட்டும். மு இல்லை, பா.செ.வும் இல்லை."